புதுக்காசும் தேய்ந்த காசும்: வெள்ளி ரூபாயைத் தரம் பார்த்த வரலாறு

18ஆம் நூற்றாண்டின் வங்காளத்தில் ஒரே எடையும் ஒரே மாற்றும் உடைய இரண்டு வெள்ளி ரூபாய்கள் ஒரே மதிப்பைப் பெறவில்லை. நடப்பாண்டில் அச்சிடப்பட்ட ரூபாய் ‘சிக்கா’ எனப்பட்டது. கணக்கேட்டில் மட்டும் வழங்கிய ‘நடப்பு ரூபாய்’ என்னும் அலகில் 100 சிக்காவின் மதிப்பு 116. அதே காசுகளுக்கு மறு ஆண்டு 113. மூன்றாம் ஆண்டிலிருந்து 111. அந்நிலையில் அவற்றின் பெயரும் ‘சனவாத்’ என்று மாறியது. காசு பெட்டியை விட்டு வெளியே வராமலே இருந்திருக்கலாம். குன்றிமணி எடைகூடக் குறையாமல் இருந்திருக்கலாம். ஆயினும் அதில் பொறித்திருந்த ஆட்சியாண்டு பழையதானதும் விலை இறங்கியது. அந்தக் கழிவை வங்காள ஆவணங்கள் ‘பட்டா’ என்கின்றன. நிலப்பட்டாவோடு தொடர்பில்லாத சொல் அது. தமிழ் வணிகர் வழக்கில் அதற்கு ‘வட்டம்’ என்று பெயர்.

நாணயச் சேகரிப்பாளர்கள் இன்று ‘அன்சர்குலேட்டட்’ என்று தேடி வாங்கும் புழங்காத வெள்ளிக் காசின் முன்வரலாறு இங்கே தொடங்குகிறது. புதுமைக்கு விலை வைக்கும் பழக்கம் சேகரிப்பாளரின் கண்டுபிடிப்பன்று. இந்தியச் சந்தை அதை முன்பே அறிந்திருந்தது. முகலாய ஆட்சியிலும் புதிதாக அச்சிட்ட சிக்கா, அதே அரசரின் முந்தைய ஆண்டுகளில் வந்த ‘சலானி’, முந்தைய அரசர்களின் ‘கஜானா’ என மூன்று படிநிலைகள் இருந்தன. படிநிலையை அறிந்து சொன்னவர் சராப்பு. காசு ஆண்டுதோறும் மதிப்பிழப்பதால் அதை மீண்டும் அக்கசாலைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. அந்த மறு அச்சிடுதலில் முர்ஷிதாபாத்தின் ஜகத் சேட் குடும்பம் பெரும் ஆதாயம் கண்டது. வரியைச் சிக்காவில் கேட்டபோது, கையில் கிடைத்த காசைக் கொண்டுவந்த உழவர் வட்டத்தையும் சேர்த்துச் சுமந்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனி கண்ட தீர்வு எளிமையானது: ஆண்டை உறைய வைத்துவிடுவது. இரண்டாம் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு (1777–78) வங்காள ரூபாயில் நிலையாகப் பொறிக்கப்பட்டது. 19ஆம் ஆண்டு கழிந்த பின்னும் காசில் அது கழியவில்லை. ஃபருக்காபாத் ரூபாயில் 45ஆம் ஆண்டும், சூரத் ரூபாயில் 46ஆம் ஆண்டும், சென்னை அக்கசாலை வெளியிட்ட ஆற்காட்டு ரூபாயில் ஹிஜ்ரி 1172உம் இவ்வாறே நின்றன. 1835இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்த பிறகும் இவ்வழக்கம் தொடர்ந்தது. 1835, 1840, 1862 என்னும் மூன்று ஆண்டுகளே மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டன. 1874 முதல்தான் அச்சிட்ட ஆண்டு காசில் இடம்பெற்றது. ஆகவே 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயை வாங்குபவர், அது அந்த ஆண்டில்தான் பிறந்தது என்று கொள்ள இயலாது. சிறு புள்ளிகளையும் உருவ வேறுபாடுகளையும் கொண்டே ஆய்வாளர்கள் அவற்றைப் பிரிக்கின்றனர்.

தேதி பேசாத இடத்தில் உலோகம் பேச வேண்டியிருந்தது. அதைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்திய மொழிகளில் பெயர்கள் பல. அர்த்தசாஸ்திரத்தில் அவர் ‘ரூபதர்சகர்’, அதாவது உருவத்தைப் பார்ப்பவர். பழந்தமிழில் ‘வண்ணக்கன்’; வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்ற சங்கப் புலவர் பெயர்களில் அத்தொழில் இன்றும் நிற்கிறது. அரபியின் ‘ஸர்ராஃப்’ பாரசீகம் வழி வந்து தமிழில் ‘சராப்பு’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஷ்ராஃப்’ ஆயிற்று. அவர் செய்த வேலையைத் தமிழ் ‘நோட்டம்’ என்றது. ‘ரூப்ய’ என்னும் சொல்லுக்குப் பாணினி தரும் விதி இங்கு நினைக்கத்தக்கது: ‘ரூப’ என்பதோடு விகுதி சேர்வது ‘அடிக்கப்பட்டது’ என்ற பொருளிலும் ‘அழகு பொருந்தியது’ என்ற பொருளிலும் ஆகும். ரூபாய் என்னும் சொல்லின் வேரிலேயே முத்திரையும் அழகும் அருகருகே இருக்கின்றன.

அரசுக்கு அழகு தேவைப்படவில்லை. 180 கிரெயின், அதாவது 11.66 கிராம் எடையும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் இருந்தால் போதும். 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, 2 விழுக்காட்டுக்கு மேல் எடை குறையாத ரூபாய் செல்லும். சட்டம் வரைந்தது ஒரே கோடு. வங்காளச் சந்தை வைத்திருந்தது மூன்று படி. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949இல் 70 படிகளை அமைத்தார். தம் நாட்டின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக அவர் வகுத்த அளவுகோல் அது. 1794ஆம் ஆண்டுச் சென்ட்டில், அடையாளம் மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்த காசின் விலை 1 டாலர் என்றால் குறையற்ற காசின் விலை 70 டாலர் என்பது அதன் அடிப்படை. எண் முதலில் விலையாகவே பிறந்தது. விலைகள் விரைவில் மாறிவிட்டன, எண் நிலைத்தது. பின்னர் அது வெள்ளிக்கும் பரவியது. 60 முதல் 70 வரையுள்ள எண்கள் புழங்காத காசுக்கு உரியவை. இன்று விக்டோரியா ரூபாய்களும் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த எண்ணைத் தாங்கி விற்பனைக்கு வருகின்றன. 116, 113, 111 என்னும் பழைய வரிசையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு ஒன்றே: அன்று புதுமைக்குச் சான்று தேதி, இன்று சான்று மேற்பரப்பு.

மேற்பரப்பைப் படிப்பது கற்றுக்கொள்ளக்கூடிய கல்வி. அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளை விட்டுச்செல்கிறது. ஒற்றை விளக்கின்கீழ் காசைச் சாய்த்தால் ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழல்வது இதனால்தான். புழக்கம் முதலில் மேடுகளைத் தேய்க்கும். விக்டோரியா ரூபாயில் புருவம், காதுக்கு மேலுள்ள கூந்தல், மகுடத்தின் மணிகள், ஆடையின் பூவேலை ஆகியன அந்த மேடுகள். அங்கே சாம்பல் படர்ந்த மங்கல் தெரிந்தால் காசு கைமாறியிருக்கிறது. மேடு தட்டையாக இருந்தும் ஒளி அறுபடாமல் ஓடினால் அது தேய்வன்று. அச்சு சரியாக விழாத குறை. அக்கசாலைப் பையில் காசுகள் ஒன்றோடொன்று மோதிய தழும்புகளும் தேய்வாகா. புழங்காத காசிலும் அவை இருக்கும். புளியோ திருநீறோ இட்டுத் துலக்கிய காசு எங்கும் ஒரே சீராகப் பளபளக்கும். ஆனால் ஒளி சுழலாது. உருப்பெருக்கியில் ஒரே திசைக் கீறல்கள் தென்படும். ஆரத்தில் கோத்திருந்த ரூபாயின் விளிம்பில், வளையத்தைப் பற்றவைத்த சுவடு எஞ்சியிருக்கும். புதிதாக வாங்கத் தொடங்குபவர் பெரும்பாலும் ஏமாறுவது துலக்கிய காசிடம்தான். பளபளப்பையும் புதுமையையும் ஒன்றென எண்ணுவதே அதற்குக் காரணம்.

இந்தக் கல்வியின் பயன் விலையோடு முடிவதில்லை. தட்சசீலத்தின் பீர் மேட்டில் 1924இல் ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரை வெள்ளிக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவருக்குப் பின் ஆண்ட ஃபிலிப் அரிதாயுஸின் காசு ஒன்றும் அதில் இருந்தன. அக்கிரேக்கக் காசுகள் அக்கசாலையிலிருந்து அப்போதே வந்தவைபோலத் தேயாமல் இருந்தன. ஃபிலிப் இறந்தது கி.மு. 317இல். ஆகவே புதையல் அக்காலத்தை ஒட்டியே புதைக்கப்பட்டது என்று கணிக்க முடிந்தது. தேயாத மூன்று காசுகள், தேதியே இல்லாத ஆயிரம் காசுகளுக்குக் காலம் தந்தன.

1940களின் தொடக்கத்தில் கணிதவியலாளர் டி.டி. கோசாம்பி தட்சசீலக் காசுகளின் எடையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். புழக்கத்தில் காசு எவ்வாறு எடை இழக்கிறது என்பதை அறியத் தம் காலத்துக் காசுகளையும் எடையிட்டார். பழங்காசுகளின் பின்புறத்தில் உள்ள சிறு முத்திரைகள் கூடக்கூடச் சராசரி எடை குறைவதை அவர் காட்டினார். அவை வணிகர்கள் காசைச் சோதித்து இட்ட குறிகள் என்பது அவர் விளக்கம். பிற்காலத்துச் சராப்புகள் ரூபாயில் இட்ட குறிகளும் அந்த மரபினவே. தரம் பார்ப்பவர் இவற்றைச் ‘சேதம்’ என்று எழுதி எண்ணைக் குறைக்கிறார். கோசாம்பிக்கோ அவையே கடிகாரம்.

புழங்காத காசு பூஜ்யப் புள்ளி. மற்றவை எவ்வளவு தேய்ந்தன என்று அளக்க அது வேண்டும். அளக்கப்பட வேண்டியவை அருகில் இல்லாதபோது பூஜ்யத்துக்குப் பொருளில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு தெரிவிக்காமல் பானையை உடைத்து, ஒளிரும் காசுகளைச் சேகரிப்பாளருக்கும் தேய்ந்தவற்றை உருக்குலைக்கும் பிரித்து விற்கும்போது இரண்டும் ஒருங்கே ஊமையாகின்றன. உயர்ந்த எண்ணுள்ள ரூபாயை வாங்கக் கற்கும் மாணவர், அது எந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தது என்று கேட்கவும் கற்க வேண்டும். ரூபதர்சகர் முதல் சராப்பு வரை எவரும் கேட்கத் தேவையில்லாதிருந்த கேள்வி அது. வரலாற்று மாணவர் அதைக் கேட்காமல் விடக்கூடாது.