பிணைப்பு அறுந்த பிள்ளைகள்: 44 சிறுவர்களில் தொடங்கிய வரலாறு



"எவ்வளவு ஏசினாலும் இவனுக்கு உறைக்கவே மாட்டேங்குது!" ஆசிரியர் அறையில் இப்படிப் பேசப்படும் பிள்ளை எந்தப் பள்ளியில்தான் இல்லை? சக மாணவரின் பொருளை எடுப்பான், பொய் சொல்வான், பாராட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்படிப்பட்ட பிள்ளைகளை லண்டனில் ஒரு மனநல மருத்துவர் வேறு கண்ணோடு பார்த்தார். அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

அவர் பெயர் ஜான் பௌல்பி (1907–1990). சிறுவர் ஆலோசனை மருந்தகத்துக்கு வந்தவர்களில் திருட்டுப் பழக்கம் உள்ள 44 பேரையும் திருடாத 44 பேரையும் ஒப்பிட்டு, 1944இல் ஆய்வை வெளியிட்டார். திருடியவர்களில் 14 பேர் யாரிடமும் பாசம் காட்டாதவர்கள். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதிலேயே தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். "ஏன் திருடினாய்?" என்ற கேள்வி, "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று மாறிய இடம் இது.

பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். அக்காலத்தில் பெற்றோர் நினைத்த நேரத்தில் வந்து பார்க்க முடியாது. பிரிந்த பிள்ளை முதலில் அழும், பிறகு சோர்ந்துவிடும், கடைசியில் அமைதியாகிவிடும் என்று ராபர்ட்சன் விளக்கினார். "பிள்ளை பழகிடுச்சு" என்று தாதியர் நினைத்த அமைதி, உண்மையில் நம்பிக்கை இழந்த அமைதி. 1959இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோர் பிள்ளைகளைத் தாராளமாக வந்து பார்க்க அனுமதிக்கச் சொன்னது.

மேரி ஐன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டா சென்று தாய்களையும் குழந்தைகளையும் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனையை வகுத்தார். தாய் அறையை விட்டுப் போய்த் திரும்பி வருவார். குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பியதும் அவரிடம் ஆறுதல் தேடியதா என்பதே முக்கியம்.

1989இல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் இருந்தது உலகுக்குத் தெரிந்தது. உணவு கிடைத்தாலும், "இவர் என்னுடையவர்" என்று சொல்ல அவர்களுக்கு ஆளில்லை. 2000ஆம் ஆண்டில் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் 136 பிள்ளைகள் இடம்பெற்றனர். அவர்களில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் பிணைப்பு மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பலன் அதிகம்.

பிணைப்புக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பெற்றது. 2013இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒருவகைப் பிள்ளை துன்பத்திலும் யாரிடமும் ஆறுதல் தேடாது. இன்னொரு வகை, முன்பின் தெரியாதவரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்ளும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பௌல்பி தாயை மட்டுமே மையப்படுத்தினார் என்ற விமர்சனம் உண்டு. மைக்கேல் ரட்டர் 1972இல் அக்கருத்தை மறுஆய்வு செய்தார். அப்பா, பாட்டி என யாரோடும் பிணைப்பு உருவாகலாம்.

ஆசிரியர்களே, இந்தக் கோளாறு மிக அரிது. அடம்பிடிக்கும் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டிவிடாதீர்கள். உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. நீங்கள் பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்.

வகுப்பில் நாம் செய்யக்கூடியவை எளியவைதான். தினமும் ஒரே மாதிரி வரவேற்பு கொடுங்கள். நாளை நீங்கள் விடுப்பு என்றால் இன்றே அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். தவறு செய்தால் தவற்றைக் கண்டியுங்கள். "இனி என் முகத்தில் முழிக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடம் அது. தொட்டால் விலகுகிறானா? பரவாயில்லை, தூரத்தில் நின்றே பேசுங்கள். யாருக்கும் தொல்லை தராமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் ஒரு கண் பாருங்கள். ராபர்ட்சன் படம் பிடித்துக் காட்டிய அமைதி அங்கேயும் இருக்கலாம்.