அமெரிக்கத் துரித உணவகங்களில் குடிவரவாளரின் மொழியும் தொழிலும்

ஒரு தொழிலுக்கு எவ்வளவு மொழியறிவு வேண்டும் என்பதை அத்தொழிலின் இயல்பே தீர்மானிக்கின்றதெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. எனினும், தொழிலை வகுத்தமைப்போரே அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் துரித உணவகங்களது வரலாறு தக்க சான்றாகும்.

1948ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மக்டொனால்ட் சகோதரர்கள் தமது உணவகத்தைச் சில மாதங்கள் மூடி, அதன் அமைப்பை அடியோடு மாற்றினர். 25 அளவினவாக இருந்த உணவு வகைகள் 9 ஆகக் குறைக்கப்பட்டன. கார்களுக்கு உணவு கொண்டுசென்ற பணிப்பெண்கள் நீக்கப்பட்டனர். தட்டுகளின் இடத்தைக் காகித உறைகள் பெற்றன. ஒருவர் இறைச்சியை வாட்ட, இன்னொருவர் பணிஸை ஆயத்தஞ்செய்ய, வேறொருவர் பொதியிட்டார். கார்த் தொழிற்சாலையின் தொழிற்பிரிவினை சமையற்கூடத்துட் புகுந்தது. தேர்ந்த சமையற்காரரின் இடத்தைப் பார்த்துப் பழகிய எவரும் நிரப்பக்கூடியதாயிற்று.

தொடக்கத்தில் இவ்வேலைகளைப் பெரும்பாலும் இளைஞரே செய்தனர். 1965ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், பிறந்த நாட்டை அடிப்படையாகக் கொண்ட பழைய பங்கீட்டு முறையை நீக்கியது. அதன்பின் வந்த தசாப்தங்களில் ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தோர் தொகை பெருகிற்று. 1980களில் எல் சல்வடோர், குவாத்தமாலா ஆகிய நாடுகளின் உள்நாட்டுப் போர்கள் மேலும் பலரைப் புலம்பெயரச் செய்தன. ஆங்கிலமறியாத இவர்களுட் பலருக்குச் சமையற்கூடம் தொழில் வழங்கியது. வாடிக்கையாளரோடு உரையாடவேண்டிய கருமபீடமும் அதற்கு மேலான மேற்பார்வைப் பதவிகளும் ஆங்கிலமறிந்தோர்க்கே எளிதிற் கிட்டின.

1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம், தேசிய மூலத்தின் பேரால் வேலையில் வேற்றுமை காட்டுவதைத் தடைசெய்தது. மொழியைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. வேலைநேரம் முழுவதும் ஆங்கிலமே பேசவேண்டுமென்னும் விதி இச்சட்டத்துக்கு முரணானதாகக் கொள்ளப்படும் எனச் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு 1980இல் நெறிமுறை வகுத்தது. ஆயினும், பேச்சுத்திறனை வேண்டும் உரிமை வேலைகொள்வோரிடம் எஞ்சியிருந்தது. ஹொனலுலு நகரிலே, பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய ஒருவர் எழுத்துப் பரீட்சையில் முதன்மை பெற்றிருந்தும், உச்சரிப்பின் காரணமாக அவருக்கு எழுதுவினைஞர் பதவி மறுக்கப்பட்டது. பொதுமக்களோடு பேசவேண்டிய பதவியாகையால் அம்மறுப்புத் தகுமென மேன்முறையீட்டு நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. நகர நிருவாக அலுவலகம் பற்றியதாயினும், இத்தீர்ப்பின் நியாயம் உணவகத்தின் கருமபீடத்துக்கும் பொருந்தக்கூடியதே.

வாடிக்கையாளர் வேண்டும் உணவு யாதென விளங்கிக்கொள்ளுதல் கருமபீடப் பணிக்கு இன்றியமையாதது என்பதை மறுத்தலியலாது. ஆனால், பேச்சு வேண்டாதவாறு அமைக்கப்பட்ட தொழிலில் ஆங்கிலம் கற்கும் வாய்ப்பும் அரிதே. மொழியறியாமையை முன்னிட்டு ஒருவரைச் சமையற்கூடத்தில் அமர்த்திய அதே ஏற்பாடு, அவ்வறியாமை நீங்காதிருக்கவும் துணைசெய்தது. ஆகவே, குடிவரவாளரின் முன்னேற்றத்தை ஆராய்வோர், அவர் பெற்றிராத ஆங்கிலத்தை மாத்திரமன்றி, அதனைப் பெறுவதற்கு அவரது தொழில் இடமளித்ததா என்பதையும் நோக்குதல் வேண்டும்.