செம்பனைக்குள் இரவல் அலைவரிசை: காக்னிட்டிவ் ரேடியோவும் சேவைத்தரமும்

மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில், செர்காம், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் இருந்த இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துவிட்டது. முற்றிய செம்பனையின் அடர்ந்த மட்டைகளுக்குள் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலை விரைவிலேயே வலுவிழந்துவிடும். 500, 600 மெகாஹெர்ட்ஸ் அலைகள் அதைவிட நன்றாக ஊடுருவும். ஆனால் அவை தொலைக்காட்சிக்கு உரியவை.

மலேசியா 2019இல் அனலாக் ஒளிபரப்பைக் கைவிட்டது. டிஜிட்டல் ஒளிபரப்பிலும் எல்லா ஊரிலும் எல்லா அலைவரிசையும் பயன்படுவதில்லை. இப்படிச் சும்மா கிடப்பதைக் கண்டறிந்து இரவல் வாங்கி, உரியவர் வந்ததும் விட்டு விலகும் கருவியே காக்னிட்டிவ் ரேடியோ. ஜோசப் மிட்டோலாவும் ஜெரால்டு மெக்வாயரும் 1999இல் இக்கருத்தை முன்வைத்தனர்.

இத்துறையின் ஆய்வுகளில் கணிசமானவை எவ்வளவு அலைக்கற்றை காலியாக உள்ளது என்பதையே அளக்கின்றன. மும்பை ஐஐடி குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 470 முதல் 590 வரையிலான 120 மெகாஹெர்ட்ஸில் சராசரியாக 100க்கு மேல் காலி. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் காலியிடத்தின் அளவைக் கொண்டு சேவைத்தரத்தை முடிவுகட்ட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முன்னுரிமை வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரி ஒன்றே இதைக் காட்டப் போதும். இரவல் பயனரின் சுமை 30 விழுக்காடு என்க. அலைவரிசை முழுவதும் அவருக்கே கிடைத்தால், ஒரு தரவுப்பொதி கடந்துபோகச் சராசரியாக அதன் அனுப்பு நேரத்தைப் போல 1.4 மடங்கு ஆகும். உரியவர் பாதி நேரம் பிடித்துக்கொண்டால் அது 10 மடங்காகும். 60 விழுக்காடு நேரம் பிடித்துக்கொண்டால் 25 மடங்கு. பத்து விழுக்காடு கூடியதற்கே தாமதம் இரண்டரை மடங்கு பெருகுகிறது!

தொலைக்காட்சி நிலையம் இப்படி அடிக்கடி வந்துபோவதில்லை என்று மறுப்புரைக்கலாம். உண்மைதான். ஆனால் கம்பியில்லா மைக்குகள் வந்துபோகின்றன. கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஒலிக்கும் மைக்குகளில் பலவும் இதே அலைகளில்தான் இயங்குகின்றன. தொலைக்காட்சி அலைகளை இரவல் வாங்கும் வலையமைப்புக்கென 2011இல் வெளிவந்த ஐஇஇஇ 802.22 தரநிலைப்படி, உரியவரின் வருகையை 2 விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதன்பின் 2 விநாடிக்குள் விலக வேண்டும். குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். இரண்டு விநாடி இணைப்பு அற்றுப்போனால், லயத்து வீட்டில் இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் சொன்ன வாக்கியமே பாதியில் போய்விடும். மாற்று அலைவரிசைகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்க அத்தரநிலை வழி சொல்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத வலையமைப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவரவே கூடாது.

செர்காமுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஊரின் ஒரு புறம் மலாக்கா நீரிணை. எதிர்க்கரையில் இந்தோனேசியாவின் ரூபாட், பெங்காலிஸ் தீவுகள். கடற்பரப்பின் மேலுள்ள ஈரக்காற்று அடுக்குகள் சில வேளைகளில் அலைகளை வழக்கத்தைவிட வெகுதூரம் கடத்திவிடும். மைனஸ் 114 டெசிபெல்மில்லிவாட் வரை உற்றுக்கேட்கும் கருவிக்கு அக்கரை ஒளிபரப்பும் எட்டும். தேவையில்லாமல் அது விலகிக்கொண்டே இருக்கும். அலைக்குக் காதுகொடுப்பதை மட்டும் நம்பும் முறை இங்கே எடுபடாது.

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2010இல், எந்த இடத்தில் எந்த அலைவரிசை காலி என்று சொல்லும் தரவுத்தளத்தை நாடும் கருவிகளுக்கு உற்றறியும் கட்டாயத்தை நீக்கியது. சிங்கப்பூரும் 2014இல் தரவுத்தள வழியையே ஏற்றது. செர்காமுக்கும் அதுவே பொருந்தும். ஆனால் இரு கரை நிலையங்களும் அத்தளத்தில் இடம்பெற வேண்டும்.

அதிலும் இரவல் பயனர் எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகிர்வில் கடற்படை ரேடாருக்கு முதலிடம், உரிமம் பெற்றவருக்கு அடுத்த இடம், பொதுப் பயனருக்குக் கடைசி இடம். மலேசியாவிலும் அத்தகைய நடு அடுக்கைத் தோட்டப் பள்ளிக்கும் கிளினிக்குக்கும் ஒதுக்குவது நியாயம்.

ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் டுரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. காலி அலைவரிசையை எண்ணுவதோடு நில்லாமல், தாமதத்தையும் அறுபடும் நேரத்தையும் செம்பனை நிழலிலேயே, பருவமழை வந்துபோகும் வரை, அவை அளந்து வெளியிட வேண்டும். உரிமம் அதற்குப் பிறகு வரட்டும்.