ஈரல் மருந்துகளும் சோதனை முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

செங்கண்மாரி கண்டவருக்குக் கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரிலே கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழர் வாழும் பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவருகின்றது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஒருவகை முட்செடி பித்தத்தைத் தணிக்கும் மருந்தாகக் கருதப்பட்டது. சீனரும் யப்பானியரும் கரடியின் பித்தை உலர்த்தி ஈரல் நோய்களுக்கும் வயிற்று நோய்களுக்கும் வழங்கினர். தனித்தனியே வளர்ந்த இம்மூன்று வழக்கங்களும் இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுகூடத்துக்கும், அதன் பின்னர் நோயாளரிடத்து நடாத்தப்படும் ஒப்பீட்டுச் சோதனைக்கும் உட்படுத்தப்பட்டன. அங்கே அவை பெற்ற முடிவு ஒன்றல்ல. ஒன்று மருந்தாக ஏற்கப்பட்டது. ஒன்று மிகச் சிறிய ஓரிடத்தையே பெற்றது. ஒன்று பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிப் பின்னர் மெய்ப்பிக்கப்படாது நின்றது. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், ஈரலுக்கும் பித்தப்பைக்கும் உரியன எனக் கூறிக் குளிசையாகவும் தூளாகவும் விற்கப்படும் குறைநிரப்பு உணவுகளை மதிப்பிடுவதற்கு அவ்வரலாறு எவ்வாறு உதவும் என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஈரல் பற்றிய பண்டைய கருத்துக்களை முதலில் நோக்குதல் பொருத்தமானது. கிரேக்க மருத்துவர் உடலில் குருதி, கபம், மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என நால்வகைப் பாய்மங்கள் உண்டென்றும், அவற்றின் சமநிலை குலைவதே நோயென்றும் கொண்டனர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவ அறிஞர், உண்ட உணவு ஈரலிலே குருதியாக மாறுகின்றது எனப் போதித்தார். தமிழ்ச் சித்த மருத்துவம் வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றினைக் கொண்டு நோயை விளக்கிற்று. இருவேறு நாட்டு மரபுகளிலும் பித்தம் உடலுக்கு மாத்திரமன்றி உள்ளத்துக்கும் உரியதாகக் கருதப்பட்டமை கவனிக்கத்தக்கது. சினம் மிக்கவனைப் பித்தம் மிகுந்தவன் என ஐரோப்பியர் கூறினர். தமிழிலோ அறிவு மயங்கியவனைப் பித்தன் என வழங்கினர். பித்தத்தை வெளியேற்றுவதே மருத்துவம் என்ற எண்ணம் இவ்வாறு இரு திசைகளிலும் வேரூன்றிற்று.

கேலனின் கொள்கை ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நிலைத்தது. 1628ஆம் ஆண்டு வில்லியம் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த தோமஸ் பார்த்தொலின், குடலிலிருந்து உணவுச்சாற்றைக் கொண்டுசெல்லும் நாளங்கள் ஈரலுக்குச் செல்வதில்லை எனக் கண்டு, குருதியை ஆக்கும் பதவியினை இழந்த ஈரலுக்கு 1653இல் நகைச்சுவையாக ஒரு கல்லறை வாசகமே எழுதினார். எனினும் அறிஞரிடத்தே மறைந்த கொள்கை மக்கள் வழக்கிலே மறையவில்லை. சோர்வு, மலச்சிக்கல், தலைவலி ஆகிய அனைத்துக்கும் பித்தத்தையும் ஈரலையும் காரணமாகக் கூறும் மனப்பாங்கு தொடர்ந்தது.

இம்மருந்துகள் பயன் தருவனவாக மக்களுக்குத் தோன்றியமைக்கு நோயின் இயல்பே ஒரு முக்கிய காரணமாகும். செங்கண்மாரி தனியொரு நோயன்று. பல நோய்களின் பொதுவான அறிகுறியே அது. குருதியின் செங்கலங்கள் சிதைவடைவதால் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருளை ஈரல் பித்தத்துடன் சேர்த்து வெளியேற்றுகின்றது. அவ்வெளியேற்றம் தடைப்படும்போது கண்ணும் தோலும் மஞ்சள் நிறமடைகின்றன. தூய்மையற்ற நீராலும் உணவாலும் பரவும் ஏ வகை ஈரலழற்சியே தடைக்குக் காரணமாயின், பெரும்பாலான நோயாளர் எந்த மருந்துமின்றிச் சில வாரங்களிற் குணமடைவர். அவ்வேளையில் அருந்தப்பட்ட மூலிகையே குணமளித்தது எனக் கொள்வது இயல்பு. ஆயின் பித்தப்பையிலிருந்து இறங்கிய கல் பித்தக் கானை அடைத்திருப்பின், அல்லது புற்றுநோய் அதனை நெருக்கியிருப்பின், அதே மூலிகையை அருந்திக் காத்திருத்தல் உயிருக்கே கேடாக முடியும். வெளித் தோற்றம் ஒன்றாயிருக்கக் காரணம் வேறாயிருப்பதே ஈரல் மருந்துகளின் வரலாறு முழுவதிலும் காணப்படும் சிக்கலாகும்.

இம்மயக்கத்தை வாணிகம் எவ்வாறு பயன்படுத்திற்று என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தோன்றிய ஒரு குளிசை தக்க சான்றாகும். பென்சில்வேனியா மாநிலத்து ஈரீ நகரில் 1868ஆம் ஆண்டளவில் உருவான ‘கார்ட்டரின் சிறிய ஈரற் குளிசைகள்’ தலைமுறை தலைமுறையாக உலகெங்கும் விற்பனையாயின. அவற்றிலே அடங்கியிருந்தவை பேதி மருந்துகளே. ஈரலின்மீது அக்குளிசைக்கு மருத்துவப் பயன் எதுவுமில்லை எனக் கூறி, அமெரிக்கக் கூட்டாட்சி வாணிக ஆணைக்குழு 1943இல் நடவடிக்கை தொடங்கிற்று. வழக்கு நீண்டு, 1959இலேயே முடிவுற்றது. அதன் பின்னர் ‘ஈரல்’ என்ற சொல் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு சொல்லை நீக்குவதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன. ஆதாரமற்ற மருந்துகள் கீழைத்தேய மரபுக்கே உரியன என்ற எண்ணம் தவறானது என்பதனையும் இவ்வழக்கு உணர்த்துகின்றது.

இனிச் சோதனையில் தேறிய மரபினை நோக்கலாம். கரடியின் பித்து, சீனாவில் தாங் அரசர் காலத்தில் 659ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட மருந்து நூலிலே இடம்பெற்றது. யப்பானிலும் அது பெருமதிப்புடன் வழங்கிற்று. 1902இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் ஓலொவ் ஹமர்ஸ்டன் துருவக் கரடியின் பித்தை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத ஒரு பித்த அமிலம் அதிலிருத்தலைக் கண்டார். 1927இல் யப்பானியரான ஷோடா அதனைக் கரடிப் பித்திலிருந்து பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். கரடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையொட்டி அதற்கு ஊர்சோடியொக்சிகோலிக் அமிலம் எனப் பெயரிடப்பட்டது. பின்னர் அது ஆய்வுகூடத்திலே செயற்கையாக ஆக்கப்பட்டது. அதனை உட்கொண்ட நோயாளரிற் சிலருக்குப் பித்தக்கற்கள் கரைந்தமையை 1975இல் யப்பானிய ஆய்வாளர் அறிவித்தனர்.

இங்கு கவனிக்கவேண்டியது, சோதனை அம்மருந்தை ஏற்றுக்கொண்டதோடு அதன் எல்லையையும் வரையறுத்தது என்பதாகும். கொலஸ்திரோலினால் ஆகிய, சுண்ணாம்பு படியாத சிறிய கற்களையே அது கரைக்கும். பித்தப்பை இயங்கும் நிலையில் இருத்தலும் வேண்டும். கரைவதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஈராண்டு வரை செல்லும். கரைந்தோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஐந்தாண்டுகளுள் கற்கள் மீண்டும் தோன்றுகின்றன. பேர்லினில் கார்ல் லங்கன்புக் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையையே அகற்றினார். 1985இல் யேர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகளினூடாக அதனை அகற்றும் முறையைக் கையாண்டார். அம்முறை விரைவிற் பரவவே, கற்களைக் கரைக்கும் சிகிச்சையின் தேவை குறைந்தது. ஆயினும் பித்த நுண்கான்கள் படிப்படியாகச் சிதைவுறும் நாட்பட்ட ஈரல் நோயொன்றுக்கு அதே அமிலம் இன்றும் முதன்மையான மருந்தாக விளங்குகின்றது. தொன்மையான மரபொன்று இவ்வாறு புதிய பயனைப் பெற்றது. மருந்து செயற்கையாகவே கிடைக்கும் நிலையில், பித்துக்காகக் கரடிகளைக் கூட்டிலடைத்து வளர்ப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் எஞ்சவில்லை.

இரண்டாவது மரபு முட்செடியினது. இலைகளில் வெண்ணிற வரிகளையுடைய இச்செடியைப் பால் முட்செடி என ஐரோப்பியர் அழைத்தனர். அதன் சாறு தேனுடன் சேர்ந்து பித்தத்தை அகற்றும் என உரோம அறிஞர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டார். 1960களின் இறுதியில் யேர்மனிய ஆய்வாளர் அதன் விதையிலிருந்து சிலிமாரின் என்னும் பொருளைப் பிரித்தனர். ஈரற் கலங்களை நச்சுப் பொருள்களிலிருந்து அது காக்கின்றது என்பது விலங்குச் சோதனைகளிலே தெரிந்தது. கொடிய நச்சுக் காளானை உண்டவர்களுக்கு அதன் கூறொன்றை நாளத்தினூடாகச் செலுத்தும் முறை ஐரோப்பாவிற் கையாளப்படுகின்றது. ஆயினும் சீ வகை ஈரலழற்சியுடைய 154 நோயாளரிடத்து நடாத்தப்பட்டு 2012இல் வெளிவந்த சோதனையில், உயர்ந்த அளவிற் கொடுக்கப்பட்ட சிலிமாரின், மருந்தற்ற போலிக் குளிசையிலும் மேலான பயனைத் தரவில்லை. கடைகளில் ‘ஈரற் காப்பு’ என விற்கப்படுவனவற்றுள் இதுவே பெரிதும் அறியப்பட்டது என்பது நினைவிற்குரியது.

கீழ்க்காய்நெல்லியின் வரலாறே தமிழ் வாசகருக்கு மிக நெருங்கியது. பீ வகை ஈரலழற்சி வைரசின் மேலுறைப் பொருளை 1960களிற் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்கரான பரூக் புளூம்பேர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் ஏனைய ஆய்வாளரும் இணைந்து, தமிழ் நாட்டு மூலிகையை உலக விஞ்ஞானத்தின் முன் நிறுத்தினர். அவர்தம் ஆய்வு 1988இல் இலண்டனின் ‘லான்செட்’ சஞ்சிகையிலே வெளிவந்தது. வைரசை நீண்டகாலமாக உடலிற் கொண்டிருந்தோருக்கு முப்பது நாட்கள் மூலிகைத்தூள் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து அப்பொருள் மறைந்தது. போலிக் குளிசை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. நூற்றுக்கு 59 என்ற இவ்வீதம் வியப்பளிப்பதாயிற்று.

விஞ்ஞானத்தில் ஒரு முடிவு பிறராலும் மீளப் பெறப்படுதல் வேண்டும். தாய்லாந்தில் நடாத்தப்பட்டு 1990இல் வெளிவந்த ஆய்விலும், நியூசிலாந்தில் நடாத்தப்பட்டு 1994இல் வெளிவந்த ஆய்விலும் அத்தகைய பயன் காணப்படவில்லை. செடியின் இனமும் அது விளைந்த நிலமும் வேறுபட்டமையே காரணமாகலாம் என்ற விளக்கம் கூறப்பட்டது. இவ்விளக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று, மூலிகையின் ஆற்றல் மண்ணோடும் பருவத்தோடும் மாறுவதைப் பரிகாரிகளும் நன்கறிவர். ஆயினும் பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2011இல் வெளிவந்த மதிப்பாய்வும், போலிக் குளிசையிலும் அது மேலானதென நம்பத்தக்க ஆதாரமில்லை என்றே முடிவு கூறிற்று. முதல் ஆய்விற் கணக்கிற் கொள்ளப்பட்டோர் அறுபதின்மரே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இதற்கிடையில் அதே நோயைத் தடுக்கும் தடுப்பூசி, புளூம்பேர்க்கின் கண்டுபிடிப்பினை அடியொற்றி ஆக்கப்பட்டு, 1981 முதல் அமெரிக்காவில் வழங்கப்படலாயிற்று. தமது பெயரோடு வெளிவந்த ஆய்வு பிறரால் மறுக்கப்படுவது சோதனை முறையை ஏற்ற எவருக்கும் நேரக்கூடியது. சென்னை ஆய்வாளர் அவ்வழியிற் சென்றமை மூலிகை மரபுக்கு இழுக்கன்று. அதற்குச் செய்த மரியாதையே ஆகும்.

சோதனைக்கு உட்படாத நம்பிக்கை எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதை 2005இல் அதே ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியான ஒரு நிகழ்ச்சி விளக்குகின்றது. ஒலிவ் எண்ணெயையும் எலுமிச்சஞ் சாற்றையும் பெருமளவில் அருந்திப் பித்தக்கற்களை வெளியேற்றலாம் என்ற முறையைப் பின்பற்றிய நியூசிலாந்துப் பெண்ணொருவர், மலத்துடன் வெளிப்பட்ட பச்சை நிறக் கற்களை மருத்துவரிடம் கொணர்ந்தார். அவை ஆராயப்பட்டபோது அவற்றிலே கொலஸ்திரோலோ பிலிரூபினோ காணப்படவில்லை. சிறு வெப்பத்திலேயே அவை உருகின. அருந்திய எண்ணெய் குடலிலே மாற்றமடைந்து சவர்க்காரக் கட்டிகளாகத் திரண்டிருந்தது. உண்மையான கற்களோ பித்தப்பையிலேயே கிடந்தன. பின்னர் சத்திரசிகிச்சையால் அவை அகற்றப்பட்டன. தம் கண்ணாற் கண்டதே சான்று எனக் கொண்ட அப்பெண்ணின்மீது குறை கூறுதல் பொருந்தாது. கண்டதன் பொருளை அறிவதற்குக் காட்சி மாத்திரம் போதாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

பயனற்றதாயினும் தீங்கற்றது என்ற வாதமும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் 1994இல் இயற்றப்பட்ட சட்டம், குறைநிரப்பு உணவுகளை விற்பனைக்கு முன்னர் பயனும் பாதுகாப்பும் மெய்ப்பிக்கப்படவேண்டிய மருந்துகளினின்றும் வேறுபடுத்திற்று. அதன்பின் அவற்றின் சந்தை பெருகிற்று. மருந்துகளால் உண்டாகும் ஈரற் பாதிப்பை ஆராயும் அமெரிக்க ஆய்வுக் குழுவொன்று பதிவுசெய்த நோயாளருள், மூலிகைகளாலும் குறைநிரப்பு உணவுகளாலும் பாதிக்கப்பட்டோரின் பங்கு 2004க்கும் 2013க்கும் இடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து இருபதாக உயர்ந்தது. செறிந்த பச்சைத் தேயிலைச் சத்தும் இவற்றுள் அடங்கும். நாள்தோறும் கறியிற் சேரும் மஞ்சளுங்கூட, செறிந்த குளிசையாக்கப்பட்டபோது பத்துப் பேருக்கு ஈரற் பாதிப்பை உண்டாக்கியதென்றும், அவர்களுள் ஒருவர் இறந்தார் என்றும் அதே குழுவினர் 2022இல் அறிவித்தனர். அடுக்களையிலே பாதுகாப்பாயிருக்கும் பொருள் செறிவூட்டிய குளிசையில் அவ்வாறே இருக்கும் எனக் கொள்ளுதல் இயலாது. ஈரலைக் காப்பதெனக் கூறி விற்கப்படும் பொருளே ஈரலுக்கு ஊறு செய்யக்கூடும் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு மருந்தின் பெறுமதியை அதன் தொன்மையோ, அது பிறந்த நாடோ, அதனை விற்போரின் புகழோ தீர்மானிக்கவில்லை என்பது புலனாகும். தொன்மையான கரடிப் பித்திலிருந்து நல்ல மருந்து பிறந்தது. மேலைநாட்டிலே பிறந்த ஈரற் குளிசை பொய்த்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகப் பயிலப்படும் இக்காலத்தில் இக்கருத்து சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. முன்னோர் ஏட்டிலே எழுதிவைத்தவை அனைத்தும் உண்மை எனப் போற்றுதலும், அவை அனைத்தும் மூடநம்பிக்கை எனத் தள்ளுதலும் ஒரே வகைச் சோம்பலின் இரு வடிவங்களே. ஒவ்வொரு மூலிகையையும் எந்த நோய்க்கு, எந்த அளவில், எதனோடு ஒப்பிட்டு என்ற வினாக்களோடு அணுகுதல் வேண்டும். செங்கண்மாரியுடன் வருபவரின் நோய்க்குக் காரணம் யாது என்பதை முதலில் அறிந்து, அதன் பின்னரே மருந்தைத் தேர்தல் வேண்டும். மரபினை வாழ்விக்க விரும்புவோர் அதனைச் சோதனைக்கு உட்படுத்த அஞ்சலாகாது. அச்சோதனை இல்லையெனக் கூறும்போது அதனை ஏற்கவும் தயங்கலாகாது.