காலிக் குளத்தில் ஸ்கேட்போர்டு

கோடையில் கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போனால், கொல்லைப்புற நீச்சல் குளம் என் பொறுப்பு. காலையில் வலைக்கோலால் இலைகளை அள்ளி, குளோரின் அளவைப் பார்க்க வேண்டும். வெயில் சில மணி நேரத்தில் குளோரினைத் தின்றுவிடும். அதைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் கலக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆகாது. அது கூடிவிட்டால் பாதித் தண்ணீரை வெளியே விட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். நமக்கு மனசு வருமா?

அவர்களுக்கும் மனசு வராத ஒரு காலம் இருந்தது. 1976-77ல் அங்கே கடும் வறட்சி. வடக்கே மரின் கவுண்டிக்குப் பாலத்தின் மேல் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பல வீட்டுக் குளங்கள் காலியாகக் கிடந்தன.

1948ல் சோனோமாவில் தாமஸ் சர்ச் அமைத்த சிறுநீரக வடிவக் குளம் புகழ்பெற்ற பிறகு, வளைந்த குளங்கள் பரவியிருந்தன. மூலையில்லாத அந்தச் சுவர்களில் சான்டா மோனிகா பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டினார்கள். அடியில் தேங்கிய பாசித் தண்ணீரையும் அவர்களே இறைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் வந்தால் வேலி தாண்டி ஓட்டம்! இன்றைய ஒலிம்பிக் ஸ்கேட்போர்டு தளத்திலும் அந்தக் குளத்தின் வளைவு இருக்கிறது.

மகளிடம் சொன்னேன். "பேரன் காதுல மட்டும் போட்டுடாதீங்கப்பா" என்றாள்.