சுருளும் பிரதியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஸ்ராய் என்ற இந்தியர் ஒருவர், ஹில் ஸ்திரீட்டும் ரிவர் வேலி ரோடும் கூடும் மூலையில் கூடாரம் ஒன்றை எழுப்பி, அசையும் படங்களைக் காசு பெற்றுக்கொண்டு காட்டலானார்; சிங்கப்பூரின் மிகப் பழைய சினிமாக் கொட்டகைகளுள் அதுவும் ஒன்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அப்துல் அலி யூசுப் அலி என்னும் சூரத் நகரத்து வாலிபர், பயாஸ்கோப் யந்திரத்தைக் கப்பலேற்றிக்கொண்டு பர்மா, இலங்கை, சுமத்ரா, சிங்கப்பூர் என்று ஊர் ஊராகச் சஞ்சரித்தார். கூடாரத்தைச் சுருட்டியதும் அடுத்த ஊர். சென்ற ஊரில் அவர்களுடைய சுவடு ஒன்றும் மிஞ்சவில்லை. படம் காட்டினோருக்கும் நாடகம் ஆடினோருக்கும் இத்தீவில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. காட்டியதையும் ஆடியதையும் சேமித்து வைத்தோரே காலந்தாழ்த்தி வந்தனர். அவ்வாறு வந்தவர்களின் ஆரம்பப் பிரயத்தனங்களை நினைவு கூர்வது நம் கடமையென்று கருதியே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இந்தியர் மிகுந்த தேக்காவைச் சுற்றிய பிரதேசம் கேளிக்கைக்கு வெகுகாலமாகப் பெயர்பெற்றது. 1923 இல் ஜாலான் புசாரில் ஓங் சகோதரர்கள் திறந்த ‘நியூ வோர்ல்ட்’ பூங்காவில், பார்ஸி நாடகக் கம்பெனிகளின் வழியே மலாய் நாட்டில் வேரூன்றிய ‘பங்சாவான்’ நாடகமும், சீனக் கூத்தும், சினிமாவும் ஒரே மதிலுக்குள் நடந்தன. யுத்தம் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1946 இல், மெக்கன்ஸி ரோட்டில் ரெக்ஸ் தியேட்டர், மைசூரில் பிறந்த சாபு என்னும் நடிகர் நடித்த ‘ஜங்கிள் புக்’ படத்தோடு தன் திரையை விரித்தது. பின்பு அது மூடப்பட்டு, வேறு பல வேடங்கள் பூண்டு, 2009 இல் மீண்டும் படக்கொட்டகையாகித் தமிழ்ப் படங்களைத் திரையிட்டது, அப்பகுதியில் வாழ்ந்த முதியோர் பலருக்குப் பழைய உறவினர் ஒருவர் வீடு திரும்பியதைப் போன்ற மகிழ்ச்சியைத் தந்திருக்கும்.

இந்நகரின் சினிமாவில் நம்மவருடைய பங்கு, படம் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் 1947 முதல் 1967 வரை நடத்திய ஸ்டூடியோவில் உருவான நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மலாய்ப் படங்களுள், ஆரம்ப காலத்தவற்றைப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த டைரக்டர்களே இயக்கினர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ் 1948 இல் ‘சிந்தா’ படத்தில் மலாய் நடிகர் பி. ராம்லியை முதன்முதலாகத் திரையேற்றினார். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950 இல் ‘பக்தி’ படத்தில் அவருக்குக் கதாநாயக பாத்திரம் அளித்தார். வடமொழியிலிருந்து நமக்கும் மலாய்க்காரருக்கும் பொதுவாக வந்த அச்சொல், அங்கே சேவை என்னும் பொருளையும் தாங்கி நிற்பது, அந்தக் கலைஞர்களின் வாழ்வுக்கே இட்ட தலைப்பாக எனக்குத் தோன்றுகிறது. தமிழில் ‘ரம்பையின் காதல்’, ‘மதனகாமராஜன்’ முதலிய படங்களை இயக்கிய பி. என். ராவ், பின்னர் சிங்கப்பூருக்கு வந்து, லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து நடத்திய ‘கேத்தே கெரிஸ்’ ஸ்தாபனத்துக்காக 1957 இல் ‘பொந்தியானாக்’ என்னும் பேய்க்கதையைப் படமாக்கினார். மரியா மெனாடோ நடித்த அப்படத்தைக் காண ஜனங்கள் வாரக்கணக்கில் திரண்டனர். அதே வரிசையில் மேலும் இரு படங்கள் வந்தன.

அம்மூன்றில் முதலிரண்டு படங்களையும் இன்று எவரும் காண இயலாது. அவற்றின் சுருள்கள் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் எறியப்பட்டன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1958 இல் வந்த மூன்றாவது படமாகிய ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் பிழைத்தது. நம் தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ அழிந்துபோய், சில புகைப்படங்களாகவும் விளம்பரங்களாகவும் எஞ்சியிருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பின் கனம் புரியும். எறியாமல் பத்திரமாக வைத்தாலும் சுருள் தானே அழியும் இயல்புடையது: பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள இவ்வூரின் வெப்பத்திலும் ஈரத்திலும் அசிடேட் பிலிம், காடிநாற்றம் வீசிச் சுருங்கி, நொறுங்கிப் போகிறது. குளிரும் வறட்சியும் மாறாத அறையே அதற்கு ஔஷதம்.

அந்த ஔஷதத்தைத் தேடியே 2005 இல் டான் பீ தியாம் என்னும் இளைஞர், லாபநோக்கமற்ற ஸ்தாபனமாக ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். படம் எடுத்தவர்களையும் உரிமை பெற்றவர்களையும் அணுகி, தம்மிடம் ஒப்படைக்குமாறு வேண்டுவதும், பெற்றதைப் பதிவு செய்து பேணுவதும், பேணியதை மக்களுக்குத் திரையிட்டுக் காட்டுவதுமாக அதன் ஆரம்ப நாட்கள் கழிந்தன. கேத்தே கெரிஸ் ஸ்தாபனத்தின் மலாய்ப் படங்கள் தொண்ணூற்றொன்று அவ்வாறு அதன் பாதுகாப்பை அடைந்தன. 2014 இல் அத்தொகுதி யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ இடம்பெற்றது. அதே ஆண்டில் காப்பகமும் தேசிய நூலக வாரியத்தின் துணை ஸ்தாபனமாயிற்று.

நாடகத்தின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. அதற்குச் சுருள்கூட இல்லை. கோ. சாரங்கபாணி அவர்கள் 1935 இல் ‘தமிழ் முரசு’ கண்டு, 1952 இல் தமிழர் திருநாளை நிறுவித் தமிழ்க் கலைகளுக்கு மேடை அமைத்ததும், புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன், அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய மக்களின் வாழ்வை ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’ என்று வானொலி நாடகமாக்கியதும், 1988 இல் ரவீந்திரன் நாடகக் குழுவும், 1991 இல் இளங்கோவனின் அக்னிக் கூத்தும் தோன்றியதும் சரித்திரத்தில் பதிந்த செய்திகள். ஆயினும் ஒரு நாடகத்தின் சரீரம் எங்கே இருக்கிறது? அடித்தல் திருத்தல்களுடன் கூடிய கையெழுத்துப் பிரதியில், நடிகரின் பெயர் அச்சான நோட்டீசில், நுழைவுச் சீட்டில், ஒத்திகையில் எடுத்த மங்கலான புகைப்படத்தில் அது சிதறிக் கிடக்கிறது. எழுதினவர் மறைந்து, பிள்ளைகள் வீடு மாற்றும் நாளில், அவை பழைய காகிதத்தோடு காகிதமாகப் போய்விடுகின்றன.

இந்த அபாயத்தை உணர்ந்தே, அருண் மகிழ்நன் முதலிய அன்பர்கள் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தை மேற்கொண்டு, நூலக வாரியத்தின் துணையுடன் முதலில் இலக்கியத்தை எடுத்துக்கொண்டனர். 1965 முதல் சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்களில் சுமார் 350, நாட்டின் பொன்விழா ஆண்டாகிய 2015 இல் மின்வடிவம் பெற்றுத் தேசத்துக்கு அர்ப்பணமாயின. யந்திரம் படித்த தமிழ் எழுத்துகளில் மலிந்திருந்த பிழைகளை வரிவரியாகப் பார்த்துத் திருத்தியவர்கள், கூலி வேண்டாத தன்னார்வலர்கள். இலக்கியத்தில் பெற்ற அந்தப் பழக்கமே, பின்பு நாடகத்துக்கும் இசைக்கும் நடனத்துக்கும் காப்பகங்கள் அமைக்கத் துணையாயிற்று.

பிழைத்த பொந்தியானாக் படத்துக்கும் மறைந்த படங்களுக்கும் கலைத்திறனில் உள்ள வேற்றுமையை ஒப்பிட இனி எவராலும் ஆகாது. ஒன்று சிரத்தையுள்ள கைகளில் சேர்ந்தது, மற்றவை சேரவில்லை, அவ்வளவே. சிராங்கூன் சாலையை அடுத்த ஏதோ ஒரு வீட்டுப் பரணில், தாத்தா வேஷங்கட்டிய நாடகத்தின் நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கக்கூடும். அதைத் தூசி தட்டி, அவர் பெயரையும் ஆண்டையும் முதல் பக்கத்தில் எழுதி, காப்பவர் கையில் கொடுத்துவிடுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.