கரிம இழைத் தகடு கொண்ட ஓட்டக் காலணி

கரிம இழைத் தகடு கொண்ட ஓட்டக் காலணி என்பது சாலைகளில் நடைபெறும் நெடுந்தொலைவு ஓட்டப் போட்டிகளுக்காக வடிவமைக்கப்படும் ஒரு வகைக் காலணி ஆகும். ஓட்டக்காரர்களிடையே இது கார்பன் பிளேட் ஷூ என்று அழைக்கப்படுகிறது. தடித்த ஆனால் எடை குறைந்த நுரை அடிப்பகுதியும், அந்நுரையினுள் நீளவாக்கில் பதிக்கப்பட்ட விறைப்பான கரிம இழைத் தகடும் இதன் முதன்மைக் கூறுகள் ஆகும். 2017 ஆம் ஆண்டில் நைக்கி நிறுவனம் வேப்பர்ஃபிளை 4% என்னும் காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர் இவ்வகை பரவலானது. அப்பெயரில் உள்ள 4% என்பது ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலில் ஏற்படும் சராசரிக் குறைவைக் குறிக்கிறது. ஓட்ட நேரத்தில் ஏற்படும் குறைவை அன்று. இக்காலணிகளை மதிப்பிட விரும்புவோர் முதலில் அறிய வேண்டிய வேறுபாடு இதுவாகும்.

அமைப்பு

இக்காலணியின் அடிப்பகுதியில் மூன்று கூறுகள் சேர்ந்து இயங்குகின்றன.

நுரை: பழைய ஓட்டக் காலணிகளில் எத்திலீன் வினைல் அசிட்டேட்டு நுரை பெரிதும் பயன்பட்டது. புதிய போட்டிக் காலணிகள் பலவற்றில் பீபா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பல்லுறுப்பி நுரை பயன்படுகிறது. இது எடை குறைந்தது. அழுத்தும்போது உள்வாங்கிய ஆற்றலின் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது.

தகடு: கரிண்டி போல வளைந்த மெல்லிய தகடு குதிகால் பகுதியிலிருந்து விரல் பகுதி வரை செல்கிறது. இது காலணி எளிதில் மடங்காமல் தடுக்கிறது.

வளைந்த முன்பகுதி: அடிப்பகுதியின் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால் பாதம் முன்னோக்கி உருள்வது எளிதாகிறது.

இயங்கும் முறை

தகடு ஒரு விற்சுருள் போல ஓட்டக்காரரை முன்னே தள்ளுகிறது என்பது பரவலான கருத்து. ஆனால் திரும்பக் கிடைக்கும் ஆற்றலின் பெரும்பகுதி நுரையிலிருந்தே வருகிறது. எந்த நுரையும் தான் பெற்றதை விடக் கூடுதலான ஆற்றலைத் தர இயலாது. இழப்பைக் குறைப்பது மட்டுமே அதனால் இயலும்.

தகட்டின் பணிகளாக இரண்டு கூறப்படுகின்றன. முதலாவது, கால்விரல்களின் அடி மூட்டு மிகுதியாக மடங்குவதைத் தடுத்து, அங்கு வீணாகும் ஆற்றலைக் குறைப்பது. இரண்டாவது, உயரமும் மென்மையும் கொண்ட நுரைக்கு நிலைப்புத் தருவது.

தகட்டின் பங்கை அறிய லாரா ஹீலி, வவுட்டர் ஹூகாமர் ஆகியோர் ஓர் எளிய சோதனையைச் செய்தனர். வேப்பர்ஃபிளை காலணியின் தகட்டைக் குறுக்காக வெட்டி அதன் விறைப்பைக் குறைத்து, வெட்டப்படாத காலணியுடன் ஒப்பிட்டனர். ஆற்றல் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, ஒரு காலணியில் கரிம இழைத் தகடு உள்ளது என்பது மட்டும் அது விரைவானது என்பதற்குச் சான்று ஆகாது.

வரலாறு

விறைப்பான காலணி பற்றிய ஆய்வுகள் வேப்பர்ஃபிளைக்கு முற்பட்டவை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அடிப்பகுதியின் விறைப்பைக் கூட்டியபோது ஆற்றல் செலவு ஏறத்தாழ 1% குறைந்தது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் மாரத்தானில் பதக்கம் பெற்ற மூவரும் வேப்பர்ஃபிளையின் முன்மாதிரிகளை அணிந்திருந்தனர். 2017 மே 6 அன்று இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மாரத்தான் தொலைவை 2:00:25 நேரத்தில் ஓடினார். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் அதே தொலைவை 1:59:40 நேரத்தில் கடந்தார். வேகம் காட்டும் துணை ஓட்டக்காரர்கள் இடையிடையே மாற்றப்பட்டதால் இவை உலக சாதனைகளாக ஏற்கப்படவில்லை. மறுநாள் சிக்காகோவில் பிரிகிட் கோஸ்கே 2:14:04 நேரத்தில் ஓடி, பவுலா ராட்கிளிஃப் 2003 இல் நிகழ்த்திய 2:15:25 என்னும் சாதனையை முறியடித்தார். அவர் அணிந்திருந்ததும் இவ்வகைக் காலணியே.

ஆய்வக மதிப்பீடு

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சீராக ஓடும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிசனையும் வெளியிடும் கரியமில வாயுவையும் அளந்து ஆற்றல் செலவு கணக்கிடப்படுகிறது. இதுவே ஓட்டச் சிக்கனம் எனப்படும்.

4% என்னும் எண்ணுக்கு அடிப்படையான ஆய்வு கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. 10 கிலோமீட்டரை 31 நிமிடங்களுக்குள் ஓடும் திறன் கொண்ட 18 ஆண்கள் இதில் பங்கேற்றனர். மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் சோதனை நடத்தப்பட்டது. காலணிகளின் எடை சமமாக்கப்பட்டிருந்தது. இயந்திரச் சோதனையில் புதிய காலணி 87% ஆற்றலைத் திருப்பித் தந்தது; ஒப்பிடப்பட்ட மற்ற இரண்டும் 75.9%, 65.5% தந்தன. ஆற்றல் செலவு சராசரியாக 4% குறைந்தது. எனினும் ஆளுக்கு ஆள் இது ஏறத்தாழ 1.6% முதல் 6.3% வரை வேறுபட்டது. இவ்வாய்வுக்கு நைக்கி நிறுவனம் நிதி வழங்கியது. அதன் பின்னர் நடந்த வேறு ஆய்வுகளும் இக்காலணியில் சிக்கனம் உண்டு என்பதை உறுதி செய்தன.

எடையும் ஒரு காரணி ஆகும். ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1% கூடும்.

வேகமும் பயனும்

மேற்கண்ட ஆய்வில் மிகக் குறைந்த வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். அவ்வேகத்தில் மாரத்தானை முடிக்க ஏறத்தாழ 3 மணி 1 நிமிடம் ஆகும். சாலைப் போட்டிகளில் பங்கேற்போரில் பெரும்பாலோர் இதை விட மெதுவாக ஓடுபவர்கள். 2023 இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகைக் காலணி ஒன்றின் சராசரிப் பயன் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் 1.4% ஆகவும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 0.9% ஆகவும் இருந்தது. நான்கு மணி நேர மாரத்தானில் 1% என்பது 2 நிமிடம் 24 விநாடி ஆகும்.

மிக விரைவாக ஓடுவோருக்கும் 4% ஆற்றல் சேமிப்பு 4% நேரச் சேமிப்பு ஆவதில்லை. வேகம் கூடும்போது காற்றின் தடை கூடுவதே இதற்குக் காரணம்.

ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாடும் பெரிது. உலகத் தரம் வாய்ந்த ஏழு கென்ய ஓட்டக்காரர்களை ஆராய்ந்து 2023 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தகடு கொண்ட காலணிகளின் விளைவு 11.4% நன்மை முதல் 11.3% தீமை வரை பரவியிருந்தது.

தனிநபர் மதிப்பீடு

ஆய்வக வசதி இல்லாதவர் ஒரு காலணி தமக்குப் பயன் தருகிறதா என அறிவது கடினம். தூக்கம், வெப்பநிலை, காற்று, முந்தைய நாள் பயிற்சி ஆகியவற்றால் நாளுக்கு நாள் ஏற்படும் மாற்றமே காலணியின் பயனை விடப் பெரிதாக இருக்கலாம். புதிய காலணியுடன் ஒரு முறை விரைவாக ஓடியது சான்று ஆகாது. பின்வருவன பிழையைக் குறைக்க உதவும்:

1. ஒரே நாளில், ஒரே தட்டையான பாதையில் பழைய காலணி, புதிய காலணி, புதிய காலணி, பழைய காலணி என்னும் வரிசையில் ஓடுதல். இதனால் களைப்பின் தாக்கம் இரு காலணிகளுக்கும் சமமாகப் பகிரப்படும்.
2. வேகத்தை மாற்றாமல் வைத்து இதயத் துடிப்பை ஒப்பிடுதல்.
3. போட்டியில் ஓட எண்ணும் வேகத்திலேயே சோதித்தல்.
4. வேறொரு நாளில் மீண்டும் சோதித்து, அதே விடை கிடைக்கிறதா எனப் பார்த்தல்.

அணிந்திருப்பது எந்தக் காலணி என்பதை ஓட்டக்காரரிடமிருந்து மறைக்க இயலாது. எனவே நம்பிக்கையால் ஏற்படும் மாற்றத்தை முழுமையாக நீக்க முடியாது. ஆயிரக்கணக்கான போட்டி முடிவுகளைத் திரட்டி ஒப்பிடும்போதும் இதைப் போன்ற சிக்கல் உண்டு. சாதனை நோக்குடன் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களே விலை உயர்ந்த காலணியையும் வாங்கும் வாய்ப்பு மிகுதி.

விதிமுறைகள்

உலகத் தடகள அமைப்பு 2020 சனவரி 31 அன்று வெளியிட்ட விதிகளின்படி, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட விறைப்பான தகடுகள் இருக்கக்கூடாது. 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பியாவின் தெராரா ஹுரிசா, வரம்பை மீறிய தடிப்புள்ள காலணியை அணிந்திருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். எனவே போட்டிக்கெனக் காலணி வாங்குவோர் தடிப்பையும் சரிபார்ப்பது தேவையாகிறது.

காயமும் தேய்மானமும்

இக்காலணிகள் உடலில் சுமை விழும் இடத்தை மாற்றுகின்றன. பாதத்தின் நடுப்பகுதியில் உள்ள படகெலும்பில் அழுத்தக் காயம் அடைந்த ஐந்து ஓட்டக்காரர்களைப் பற்றி 2023 இல் ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. ஐவரும் இவ்வகைக் காலணிகளைப் பயன்படுத்தியவர்கள். காலணியே காரணம் என்பதை இது நிறுவவில்லை. ஆயினும் படிப்படியாகப் பழகுமாறும், பாதத்தில் தொடர்ந்து வலி இருந்தால் மருத்துவரை அணுகுமாறும் அறிவுறுத்தப்படுகிறது. பயிற்சி முழுவதற்கும் இக்காலணியைப் பயன்படுத்துவது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

நுரையின் பயன் நிலையானது அன்று. 2024 இல் வெளியான ஓர் ஆய்வில், 450 கிலோமீட்டர் ஓடிய பின்னர் பீபா நுரை பழைய வகை நுரையை விட மேம்பட்டதாக இருக்கவில்லை.

விமர்சனம்

இக்காலணிகள் உடல் திறனுடன் கருவியின் பங்கையும் கலந்துவிடுகின்றன என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். வெவ்வேறு காலங்களின் சாதனைகளை ஒப்பிடுவதும் இதனால் கடினமாகிறது. ஒரே காலணி சிலருக்குப் பெரும் பயனும் சிலருக்குக் குறைந்த பயனும் தருவதால், அனைவரும் அணிந்தாலும் சமநிலை ஏற்படுவதில்லை. விலை மற்றொரு தடை ஆகும். 2023 பெர்லின் மாரத்தானில் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 நேரத்தில் ஓடியபோது அணிந்திருந்த, 138 கிராம் எடை கொண்ட அடிடாஸ் காலணியின் விலை அப்போது 500 அமெரிக்க டாலராக இருந்தது. வாங்க இயலாத இளம் ஓட்டக்காரர், வாங்கியவருடன் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டாலும், இருவரின் நேரங்களும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை எனக் கூற முடியாது.